சுவரில் போன வெள்ளைக் குதிரை

திருப்பதியில் அந்தக் கேமரா மியூசியத்துக்குள் நான் நுழைந்தது கேமரா பார்க்க அல்ல. உட்கார ஒரு இடமும் தலைக்கு மேல் ஒரு ஃபேனும் இருந்தால் போதும் என்றுதான். முந்தின நாள் முழுக்கப் புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடும் இடத்தில், மனைவியின் பழைய கட்டை மாற்றிக் கட்ட வரிசை. ராத்திரி சத்திரத்துத் தரையில் பாதித் தூக்கம். விடிவதற்கு முன்னே எழுந்து மலைக்கு டோக்கன் வாங்க இன்னொரு வரிசை. டோக்கனில் சாயங்காலம் ஐந்து மணி என்று போட்டிருந்தது. அதுவரை கீழே அலைகிற கூட்டத்தில் நாங்களும் இரண்டு பேர். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, பஸ் ஓட்டி ஓட்டித் தேய்ந்த இடுப்பு. என் மனைவிக்கு நாற்பத்தாறு. அவளுடைய இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய துணிக்கட்டு, அதில் முட்டை வாடை.

அந்தக் கட்டு ஒரே வருடத்தில் மூன்றாவது. முதல் தடவை சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில், விடியற்காலையில், கம்பெனி பஸ்ஸின் படியைத் தவறவிட்டுக் கணுக்கால். இரண்டாவது, சந்தையில் தக்காளிப் பெட்டி தடுக்கி, தோள்பட்டை எலும்பு. மூன்றாவது எங்கள் வீட்டுக்குள்ளேயே, நான் சுவரோரம் போட்டுவைத்த ஸ்டூல் மேல் மோதி, மணிக்கட்டு. நடுவில் கதவு நிலையில் இடித்தது, கல் தூணில் நெற்றியை வாங்கிக்கொண்டது, எதிரே வந்த சைக்கிளின் மேல் போய் விழுந்தது எல்லாம் கணக்கில் வராதவை.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. புத்தூருக்கு வண்டி ஏறிவிடுவோம். எண்ணெயும் முட்டை வெள்ளையும் தடவி, இழுத்து, பத்தை வைத்துக் கட்டி, அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். மூன்றாவது தடவை போனபோது கட்டுப் போடுகிறவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "மள்ளி ஒச்சாரா, அம்மா?" என்றார். மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று அர்த்தம். அவளும் சிரித்தாள். எலும்பை ஒட்டவைக்க ஆள் அவ்வளவு பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, இவள் ஏன் விழுந்துகொண்டே இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவளுக்குக் கவனம் போதாது. நடக்கும்போது புத்தி வேறெங்கோ இருக்கிறது.

அதை நான் மனசுக்குள் வைத்துக்கொண்டவனும் இல்லை. "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று தெருவில் நாலு பேர் பார்க்கக் கத்துவேன். "குனிஞ்சி பாத்து நடந்தா குறைஞ்சா போய்டுவ?" என்பேன். நாள் முழுக்க ஸ்ரீசிட்டிக்கும் நாகலாபுரத்துக்கும் பஸ் ஓட்டிவிட்டு வருகிறவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அவள் பதில் பேச மாட்டாள். முழங்கையைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவாள்.

மூன்றாவது கட்டு விழுந்த அன்று எனக்கு அலுத்தே போய்விட்டது. புத்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "பெருமாளே, இவளுக்குக் கொஞ்சம் கவனத்தைக் குடு, இவ தலைமுடிய ஒனக்குக் குடுத்துர்றேன்" என்று வேண்டிக்கொண்டேன். கவனித்துப் பார்த்தால் புரியும். வேண்டியது நான், கொடுக்க வேண்டியது அவள் முடி. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை. எங்கள் ஊரில் இது சாதாரணம், புருஷன் பெண்டாட்டி தலையை நேர்ந்துகொள்வான், மாமியார் மருமகள் தலையை நேர்ந்துகொள்வாள், யாரும் யாரையும் கேட்பதில்லை. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவளுக்கு. விஷயத்தைச் சொன்னபோது பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு ஒரு தடவை தடவிப் பார்த்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

டோக்கன் கொடுக்கும் இடத்திலும் ஒரு ரகளை. ஆளுக்கொரு படம் பிடித்துத்தான் டோக்கன் தருவார்கள். கண்ணாடித் தடுப்புக்கு மேலே, ஓரமாக, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கேமரா. "இக்கட சூடண்டி, அம்மா" என்று உள்ளே இருந்தவர் மூன்று தடவை சொல்லிவிட்டார், இங்கே பாருங்கள் என்று. இவள் அவருடைய வாயைப் பார்க்கிறாள், மேஜையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், கேமராவை மட்டும் பார்க்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். "போன் கேமராக்குக் கண்ணாடி பாக்குற வேலதான செய்யிற? கேமரா எங்க கீதுன்னு தெரிலயா?" என்று அங்கேயும் ஒரு பாட்டம் திட்டினேன்.

அவள் வேலை அதுதான். செல்போன் கேமராவுக்குள் வைக்கிற பொடிப் பொடிக் கண்ணாடி வில்லைகளைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்து, தூசு, கீறல், குமிழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவளுடைய வரிசையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் சரி என்று தள்ளிவிட்டதில் கூட இவள் ஒரு முடியிழைக் கீறலைக் காட்டுவாள். வருஷா வருஷம் கம்பெனியில் கண் சோதனை உண்டு. சுவரில் எழுத்துப் பலகை மாட்டி வாசிக்கச் சொல்வார்கள். கடைசி வரியை அவள் கடகடவென்று வாசித்துவிடுவாள் என்று கூட வேலை செய்கிற பெண்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு ஸ்டூலில் போய் மோதினால் கவனக்குறைவு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இப்படியாகத்தான், பசியும் கொட்டாவியுமாக, ரயில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்துத் தெருவில் அந்த வீட்டுக்கு முன் வந்து நின்றோம். பழைய கேமராக்கள், உள்ளே வரலாம் என்று தெலுங்கில் ஒரு தகரப் பலகை. வாசலில் நாற்காலி போட்டு ஒரு அம்மாள் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். எங்கள் முகத்தைப் பார்த்ததும், நாங்கள் எதற்கு வந்தோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஃபேன் உள்ள ரூம்லதான் சுத்துது" என்றார் தமிழில். "டிக்கெட் எடுத்தா உக்காரலாம்."

அதெல்லாம் அவருடைய மாமனார் சேர்த்தவையாம். அவர் போன பிறகு துடைக்கிற வேலை இவர் தலையில். "ஒவ்வொண்ணுக்கும் எத்தன மூல, எத்தன சந்து தெரியுமா? ஒரு பக்கம் தொடச்சி முடிக்கிறதுக்குள்ள மறு பக்கம் தூசி. விக்கவும் மனசு ஒப்பலே, வெச்சிக்கவும் தெம்பு லேது" என்று தமிழும் தெலுங்கும் கலந்து புலம்பிக்கொண்டே விளக்கைப் போட்டார். அந்தக் குரலில் என் குரலே கேட்டது. உலகத்தில் களைத்துப்போனவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

உள்ளே கால் வைத்த உடனே ஆரம்பித்துவிட்டாள். கதவை ஒட்டி இடது பக்கத்தில், மூன்று கால் மரத் தாங்கியில், பீரோ மாதிரி பெரிய ஸ்டூடியோ கேமரா ஒன்று நின்றது. பின்னால் கறுப்புத் துணி தொங்கியது. குழந்தைகூட அதைச் சுற்றிக்கொண்டு போகும். இவள் நேராக அதன் காலில் போய் மோதினாள், கட்டுப் போட்ட கையோடு. தாங்கி ஆடியது. அந்த அம்மாள் "அய்யய்யோ" என்று ஓடிவந்து கேமராவைப் பிடித்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்ததும் கேமராவைத்தான்.

"இத்தினி பெருசா நிக்குது, இதுகூடவா தெரில? ஒன்னக் கூட்டிக்கினு வெளிய வந்தா மானம் போவுது" என்று பல்லைக் கடித்தேன். வலியில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது எழுதும்போது இந்த இடத்தில் கை நிற்கிறது. அப்போது நிற்கவில்லை, இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத்தான் சொன்னேன்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஃபேன் சுற்றியது. கண்ணாடி அலமாரிகளில் வரிசை வரிசையாகக் கேமராக்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. சோப்பு டப்பா போலச் சில, துருத்தி வைத்து மடக்குகிறவை சில, மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டைக் கண் கேமராக்கள் சில. ஒரு மூலையில் இரும்புக் கம்பியில் கவை போன்ற ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் படம் பிடிக்க நேரம் பிடிக்குமாம், தலை ஆடக் கூடாது என்று பின்கழுத்தில் அதை முட்டுக்கொடுத்து உட்கார வைப்பார்களாம். எனக்கு அதில் கழுத்தை வைத்து அப்படியே ஒரு தூக்கம் போடலாம் போல இருந்தது. சுவரில் மலையும் கோபுரமும் வரைந்த திரை ஒன்று தொங்கியது. மொட்டை போட்டுவிட்டு இறங்கி வருகிற குடும்பங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். நான் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

என் மனைவி ஒவ்வொரு அலமாரியாக நின்று நின்று பார்த்தாள். என்ன இருந்தாலும் அவள் தொழில் அல்லவா. ஒரு பெரிய பித்தளை வளையத்துக்குள் இருந்த கண்ணாடியின் முன் குனிந்தவள் நிமிரவே இல்லை. மாமனார் ரொம்ப ஆசையாக வைத்திருந்தது அது, சீமையிலிருந்து வந்தது, ஒரு குறையும் கிடையாது என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார்.

"உள்ள பூஞ்ச புடிச்சிக்குது" என்றாள் இவள். "ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல. சிலந்தி நூல் மாதிரி போவுது பாருங்க. அதுக்குக் கீழ ஒரு கீறல், நகம் பட்டாப்புல."

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம்தான் தெரிந்தது. நானும் போய்ப் பார்த்தேன், எனக்குத் தெரியவே இல்லை. "இத்தன வருஷமா நானு தொடைக்கிறேன், நாக்கே கனபடலேது" என்று, தன் கண்ணிலேயே இது படவில்லையே என்று அவர் வாயில் கை வைத்தார். அதோடு அவருக்கு இவள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அவரைக்காயைத் தள்ளி வைத்துவிட்டு, "ரண்டி, வாங்க, ஒண்ணு காட்டறேன். எல்லாருக்கும் காட்ட மாட்டேன், கதவு சாத்தித் தெறக்கிறது பெரிய வேல" என்று பின்பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சின்ன அறை. தெருப் பக்கம் இருந்த ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, பலகையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் வெள்ளை அடித்திருந்தது. கேமரா என்றால் அடிப்படை இவ்வளவுதான், இருட்டு ஒரு பெட்டி, அதில் ஒரு ஓட்டை, நாம் இப்போது நிற்பதே ஒரு கேமராவுக்குள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். "ரெண்டு நிமிஷம் அப்படியே நில்லுங்க. கண்ணு பழகணும்."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சுவரில் மெதுவாகக் கலங்கலாக ஏதோ வந்தது. பிறகு தெளிந்தது. வெளியே இருந்த தெரு முழுக்க அந்தச் சுவரில் தலைகீழாக விழுந்திருந்தது! வானம் கீழே. எதிர் வீட்டு மாடி தரையில். ஆட்டோக்கள் கூரையில் ஒட்டிக்கொண்டு போயின. இளநீர் விற்கிறவர் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு காய் சீவினார். ஒரு சிவப்பு பஸ் தலைகீழாகத் திரும்பி நின்றது, நானும் ஓட்டுநர் ஆனதால் அந்தத் திருப்பத்தை மட்டும் கவனமாகப் பார்த்தேன், சரியாகத்தான் திருப்பினார். இரண்டு நாளில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. அலுப்புகூடக் கொஞ்சம் விலகினாற்போல இருந்தது.

"பாத்தியாமே?" என்றேன்.

"ஆமாயா. நல்லா கீது" என்றாள் இருட்டில்.

"இளநீர்க்காரர் தொங்கிக்கினு கீறாரு பாரு."

"ஆமா, பாவம்" என்று சிரித்தாள்.

எனக்குக் கொஞ்சம் குஷி வந்துவிட்டது. அவளைச் சீண்ட வேண்டும் போல இருந்தது. காலையில் அத்தனை திட்டு திட்டியதற்குச் சமாதானம் பேசுவது என் பாணியில் இப்படித்தான். குரலை மாற்றாமல், "அதோ பாரு, ஒரு வெள்ளக் குதிர போவுது" என்றேன். சுவரில் குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை. எங்கய்யா, பொய் சொல்றியா என்று முதுகில் ஒன்று வைப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமாயா!" என்றாள். "எவ்ளோ அழகா போவுது. மாப்ள ஊர்வலமா இருக்கும். மேல செவப்புத் துணி போட்டு ஜோடிச்சிக்கிறாங்க பாரு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் பதிலுக்கு என்னைக் கிண்டல் செய்கிறாள் என்றே நினைத்தேன். அப்போதுதான் கதவருகே இருந்த அம்மாள், "குர்ரமா? எக்கடண்டி குர்ரம்?" என்றார். நிஜமாகவே தேடுகிற குரல். குதிரையா, எங்கே குதிரை? என் மனைவி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இருட்டு எனக்குப் பழகியிருந்தது, சுவரில் விழுந்த வெளிச்சத்தில் அவள் நன்றாகவே தெரிந்தாள். அவள் படம் விழுந்த சுவரைப் பார்க்கவே இல்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒன்றும் இல்லை, ஓர் ஆணி மட்டும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் இவ்வளவு நேரம் தலையாட்டிச் சிரித்திருக்கிறாள். அந்த இடத்தில், அந்த நொடியில், படி, தக்காளிப் பெட்டி, ஸ்டூல், கேமராவின் மரக்கால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன.

அந்த அம்மாளுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தார். வெளிச்சத்தில் வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் முகத்துக்குப் பக்கவாட்டில், காதுக்கு நேராக, என் கையை நீட்டினேன். அவள் அசையவில்லை. கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். கன்னத்தைத் தாண்டி, மூக்குக்குக் கிட்டத்தட்ட நேராக வந்தபோதுதான் அவள் இமை துடித்தது.

"வாணாம்யா. சோதிக்காத" என்றாள். "எனக்குத் தெரியும்."

அவளுக்கு ஒன்றரை வருடமாகத் தெரியும். நாகலாபுரத்தில் கோயிலுக்குப் போன அன்று பக்கத்தில் கண் முகாம் நடந்திருக்கிறது. அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம். என்னிடம் புத்தூரில் தங்கை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, தனியாகத் திருப்பதி வந்திருக்கிறாள். எப்படி வந்தாய், எப்படித் திரும்பினாய் என்று கேட்டேன், "பஸ்ஸுலதான்" என்றாள், அது ஒரு கேள்வியா என்பதுபோல. ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அமுக்கச் சொன்னார்களாம். "புள்ளி எனக்கு வரவே இல்ல. ஆனா மெஷினு உள்ள டிக்கு டிக்குன்னு சத்தம் கேட்டுச்சி. சத்தத்த வெச்சே அமுக்கினேன். நர்ஸம்மா கண்டுபுடிச்சிட்டா, திட்டினா."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"விழித்திர ஓரத்துலருந்து காஞ்சிக்கினு வருதாம். பொறவியிலயே இருந்திருக்கும்னாரு, எங்க ஆயா வழியோ, யாரு வழியோ. மொதல்ல இருட்டுல தெரியாது, அப்புறம் ஓரம் போவும். நடுவு மட்டும் கீது. அது எத்தினி நாளைக்குன்னு சொல்ல முடியாதாம். மருந்து கெடையாது." அவள் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "என் வேலைக்கு நடுவு போதும்யா. கண்ணாடியில ஓரமா பாக்கப் போறேன்? கம்பெனியிலயும் பலகைய நடுவுல வெச்சிதான் வாசிக்கச் சொல்றாங்க."

அழுகை வரவில்லை எனக்கு. கோபம்தான் வந்தது. முதலில் அவள் மேல், அப்புறம் புத்தூர்க்காரர்கள் மேல், கடைசியில் சுற்றிவந்து என் மேல். வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியையும் நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து ஓட்டுகிறவன் நான். பின்னால் வருகிற ஸ்கூட்டர் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்னாலேயே சொல்வேன். கூடவே படுத்து எழுந்த பெண்பிள்ளைக்குப் பக்கங்கள் இரண்டும் போய்விட்டதை ஒன்றரை வருடம் நான் பார்க்கவில்லை. பார்க்காதது மட்டுமா, அவள் கண்ணைச் சொல்லியே திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அப்ப நான் அத்தினி திட்டு திட்டினேனே, ஏன்மே வாங்கிக்கின? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

மியூசியத்து அம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வழக்கம்போலப் பக்கவாட்டில் நீட்டினார். பிறகு தானாகவே ஒரு எட்டு நகர்ந்து, அவளுக்கு நேர் எதிரே வந்து, மறுபடி நீட்டினார். என் மனைவி வாங்கிக் குடித்தாள். நான் ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொள்ளாததை அந்த அம்மாள் அரை நிமிஷத்தில் கற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும், மலைக்குப் போகலாம், ஆனால் முடி வேண்டாம் என்றேன். "நான் வேண்டிக்கினதே தப்பு. கவனம் இல்லன்னு நெனச்சி வேண்டினேன். பெருமாளுக்குத் தெரியும், அவரு கேக்க மாட்டாரு."

"நேந்துக்கினது நேந்துக்கினதுதான்" என்றாள். "குடுக்குறேன்னு சொல்லிட்டு அப்புறம் இல்லங்கக் கூடாது. நீ எதுக்கு நேந்துக்கினியோ போ. நான் வேற ஒண்ணு கேட்டுக்கறேன்."

என்ன கேட்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. நடுவு மட்டுமாவது இருக்கட்டும் என்றுதான் கேட்டிருப்பாள். வேறு என்ன கேட்க முடியும்? மலை பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் எல்லோரும் பக்கவாட்டில் பள்ளத்தைப் பார்த்து ஓ என்றார்கள். அவள் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு நேரம் அவள் முகத்தை நான் பார்த்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

மொட்டை போடும் மண்டபத்தில் ஈரமும் மஞ்சள் வாடையும் கூட்டமும். ஒரு பெண் நாவிதர் அவளை உட்கார வைத்து, தண்ணீர் தெளித்து, பின்னலை அவிழ்த்தார். "நல்ல முடி" என்றார். நான் கொஞ்சம் தள்ளித் தூண் ஓரமாக நின்றேன். முடி மடியில் விழ விழ அவள் அதைப் பார்க்கவில்லை, கண்ணை மூடித் தலை குனிந்தபடியே இருந்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுந்தபோது அவள் தலை சின்னதாக, காது பெரியதாக, யாரோ தெரியாத பெண் போல இருந்தாள். கட்டு நனையாமல் நானே குளியலுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

அங்கிருந்து இறங்கும் படிகள் ஈரமாக இருந்தன. முன்னாலும் பின்னாலும் ஜனம். நான் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். "படி வருதும்மா. ஒண்ணு. இன்னும் ஒண்ணு. மெதுவா வெய்யி, ஒண்ணும் அவசரம் இல்ல" என்றேன். அம்மா என்று அவளை நான் அதுவரை கூப்பிட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசுவார்களே, அந்தக் குரல் என் வாயிலிருந்து வந்தது. எனக்கே அது புதிதாக இருந்தது.

அவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள். முகத்தைத் திருப்பித் திருப்பி, நான் அவள் கண்ணுக்கு நேராக வரும்வரை தேடினாள். கண்டுபிடித்தாள்.

"இதுக்குத்தான்யா சொல்லாம இருந்தேன்" என்றாள்.

பின்னால் வந்தவர்கள் கோவிந்தா கோவிந்தா என்று எங்களை நெருக்கினார்கள். அவள் அசையவில்லை.

"கவனம் இல்லாதவன்னா நீ திட்டுவ, சோறு துன்னுட்டு மறந்துடுவ. நான் எப்பவும் போல இருப்பேன். இப்ப பாரு, எப்டிப் பேசற. எனக்கு வாணாம்யா இது. திட்டு. எப்பவும் போலத் திட்டிக்கினே கூட்டிக்கினு போ."

நான் வாயைத் திறந்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம், யோசிக்காமல் வர வேண்டியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை.